இலை போடும் நேரம்

பொங்கல் பானையை அடுப்பில் ஏற்ற நேரம் சொல்ல நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தினசரிக் காலண்டர் தாளில் நல்ல நேரம் அச்சாகியிருக்கிறது. மார்கழி கடைசி வாரத்தில் செய்தித்தாள்கள் போடுகின்றன, தொலைக்காட்சியில் ஜோதிடர்கள் சொல்கிறார்கள், கோயில் குருக்களும் சொல்வார். அன்றைய சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு இலை போடுவது என்பதை மட்டும் எந்தத் தாளும் சொல்வதில்லை. பானை சூரியனுக்கு உரியது. அதன் நேரத்தைப் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளும். இலை வீட்டு மனிதர்களுக்கு உரியது. அதை வீடுதான் குறித்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அன்று அதை யார் குறித்தார்கள், இப்போது யார் குறிக்கிறார்கள் என்பதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இது பெரிய விஷயம். எங்கள் வீட்டுப் பெண்கள் பட்ட பசி இதற்குள் இருக்கிறது.

எங்கள் ஊர் பெருமுக்கல், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில். பாறை பாறையாக ஒரு மலை, உச்சியில் முக்தியாலீஸ்வரர் கோயில். எங்கள் வீடு மலைக்கு மேற்கே. தை முதல் நாள் இந்தப் பக்கத்தில் சூரியன் உதிப்பது சுமார் 6.35-க்கு என்று கணக்கு சொல்லும். எங்கள் வாசலுக்கு அந்தக் கணக்கு ஆகாது. வெயில் மலையைத் தாண்டி வந்து கோலத்தின்மேல் விழ மேலும் முக்கால் மணி, ஒரு மணி ஆகும். எழுபதுகளில், அப்பா செய்தித்தாளில் பார்த்த நேரத்தைச் சொல்லி அவசரப்படுத்தும்போது ஆயா திண்ணையிலிருந்து நகர மாட்டாள். “சூரியனே இன்னும் வரல. யாருக்குடா பொங்க வெக்கிற?” என்பாள். அப்பா மலையைப் பார்த்தபடி நிற்பார். பாறை விளிம்பு பளபளத்து முதல் வெயில் வாசலில் இறங்கிய பிறகுதான், மஞ்சள் கொத்து கட்டிய புதுப்பானை அடுப்பில் ஏறும். பனை மட்டையும் சவுக்கு விறகும் எரியும். பால் பொங்கி வழிந்ததும் தெருவே கேட்கக் கத்துவோம்.

அதுவரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். குழப்பம் அதற்குப் பிறகுதான்.

பொங்கிய பானையை இறக்கியதும் அம்மாவும் சித்தியும் உள் அடுப்புக்குப் போய்விடுவார்கள். பச்சை மொச்சை, பரங்கி, கத்தரி, அவரை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, கருணை எல்லாம் போட்ட பொங்கல் குழம்பு. கூடவே பொரியல், வடை, அப்பளம். காய் நறுக்குவதற்கே காலை போய்விடும். ஒவ்வொரு கிழங்கும் ஒவ்வொரு பதத்தில் வேகும். கருணை வேகுமுன் பரங்கியைப் போட்டால் பரங்கி கரைந்து காணாமல் போகும். படைத்து முடிக்கும்வரை பெரியவர்கள் யாரும் சாப்பிடக்கூடாது. சமைப்பவர்கள் உப்புப் பார்க்கவும் கூடாது. பிள்ளைகளுக்கு மட்டும் கரும்பும் வேகவைத்த பனங்கிழங்கும் கொடுத்து வாசலில் உட்கார வைப்பார்கள்.

எல்லாம் தயாரான பிறகும் இலை விழாது. சித்தப்பா வர வேண்டும்.

சித்தப்பா மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தார். அளத்து வேலைக்கு வேறொரு பஞ்சாங்கம் உண்டு. ஐப்பசி முதல் மார்கழிவரை வடகிழக்கு மழையில் பாத்திகளெல்லாம் நீரில் மூழ்கிக் கிடக்கும். வேலை இல்லை, கூலியும் இல்லை. தை பிறக்கும்போதுதான் மழைத்தண்ணீரை வடிய விட்டு, வரப்பு கட்டி, பாத்தியின் அடிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். மண் இறுகாவிட்டால் உப்புத்தண்ணீரைத் தரை குடித்துவிடும். வருகிற உப்பிலும் சேறு கலந்துவிடும். அப்படி மிதித்த பாத்தியில் தண்ணீர் பாய்ச்சி, வெயில் ஏற ஏற உப்பு பூத்து, சித்திரை வைகாசியில் வாரி மாளாது. ஆக, ஊருக்கெல்லாம் அறுவடை முடிந்து வரும் பண்டிகை, அளத்துக்காரருக்கு வேலை தொடங்கும் காலத்தில் வருகிறது. மூன்று மாதம் கூலி பார்க்காதவர்கள் தொடங்கிய வேலையைப் பாதியில் விட மாட்டார்கள். பெரும்பொங்கலன்றும் சித்தப்பா விடியுமுன் போய், பாத்தியில் தண்ணீர் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் வருவார். எதிர்க்காற்றாக இருந்தால் இன்னும் தாமதம். உப்புத்தண்ணீரில் ஊறி வெடித்த காலோடு வந்து கிணற்றடியில் இறைத்து ஊற்றிக்கொண்டு, வேட்டி மாற்றி வந்து நின்ற பிறகுதான் ஆயா சொல்வாள்: “படைங்க.”

வீட்டில் சுவர்க் கடிகாரம் கிடையாது. சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டால் அன்றைய பதில், “சித்தப்பா வந்தால்.” உழைக்கப் போனவன் வராமல் இலை போடுவதில்லை என்ற ஆயாவின் பிடிவாதத்தை இன்றும் மனதார மதிக்கிறேன். மடியில் துண்டை விரித்து அதில் பனங்கிழங்கு நாரை உரித்துக்கொண்டே அவள் சாலையைப் பார்த்திருந்தது, என் கண்ணில் அந்த வீட்டின் மிக உயர்ந்த குணம்.

ஆனால் அந்தக் காத்திருப்புக்கு விலை கொடுத்தது ஆயா இல்லை, அப்பாவும் இல்லை. படைத்து, சூடம் காட்டி, காக்கைக்கு வைத்து, முதல் பந்தியில் ஆண்கள் உட்காருவார்கள். அடுத்த பந்தி பிள்ளைகளுக்கு. அதற்கடுத்து ஆயா, அத்தை, வந்திருக்கும் உறவுக்காரப் பெண்கள். எல்லோர் இலையையும் எடுத்துப் போட்டு, எச்சில் துடைத்து, யாராவது திடீரென வந்தால் அவர்களுக்கும் போட்டுவிட்டு, அம்மாவும் சித்தியும் அடுக்களையில் உட்காரும்போது வெயில் சாய்ந்திருக்கும். விடியுமுன் எழுந்து வாசல் தெளித்தவர்கள் அவர்கள். மாலை நாலு மணிக்கு அவர்கள் தட்டில் விழுந்தது குழம்பின் அடியில் தங்கிய கிழங்குத் துண்டும், ஆறிப்போன சோறும். வடை இருந்தால் இருக்கும்.

ஒரு தையில் சித்தப்பா, இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர், “அண்ணியும் இப்பவே உக்காரட்டுமே” என்றார். ஆயா, “அப்புறம் பரிமாற ஆளு வேணாமா?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கு மேல் யாருக்கும் பேச்சு எழவில்லை. சோற்றுக் குண்டானை நடுவில் வைத்து ஆளுக்கு ஆள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல மனிதர்கள் நிறைந்த வீடுதான் அது. இருந்தும் தோன்றவில்லை.

மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கு இந்தச் சிக்கல் வராது. மாடுகளை ஏரியில் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, சாயங்காலம் தொழுவத்தில் பொங்கலிட்டு முதலில் அவற்றுக்கு ஊட்டிவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுவோம். மாட்டுக்குப் பசிக்கும் என்று தெரிந்த வீட்டில் அம்மாவுக்குப் பசிக்கும் என்று தெரியாமல் போனது என்னை இன்னும் வருத்துகிறது.

பிற்பாடு பள்ளி ஆசிரியையாகி சிறுபாணாற்றுப்படையை நிதானமாகப் படித்தபோது இந்த வேதனை இன்னும் கூடியது. பத்துப்பாட்டில் ஒன்றான அந்தப் பாட்டு எங்கள் மண்ணைப் பற்றியது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் பாடியது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அவனுடைய கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டிய ஊர். இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் இருக்கிறோம். பாட்டில் வழிநெடுகச் சாப்பாடுதான். பட்டினத்தில் பரதவர் கள்ளும் சுட்ட மீனும் தருகிறார்கள். முல்லை நிலத்தில் புளிச்சோறும் இறைச்சியும். மருத நிலத்தில் வெண்சோறும் நண்டும். கடைசியில் அரசனே பக்கத்தில் நின்று பாணனை உண்ண வைக்கிறான். மாணவர்களுக்கு நடத்தும்போது எல்லோரும் அந்த விருந்துகளில்தான் மயங்குவார்கள்.

என்னை நிறுத்தியது விருந்துகளுக்கு முன்னால் வரும் பஞ்சத்துச் சாப்பாடு. கிணைப்பறை கொட்டுபவன் வீட்டுப் பெண்ணான கிணைமகள் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். அடுத்தவர் பார்த்துப் பேசிவிடுவார்களோ என்று கூச்சப்பட்டுக் கதவைச் சாத்துகிறாள். சாத்திவிட்டு, சுற்றம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து உண்கிறார்கள். ஒன்றுமில்லாத வீட்டில் பந்தி பிரியவில்லை. சமைத்தவளும் அந்த வட்டத்துக்குள் இருக்கிறாள். ஏழு காய் போட்டுக் குழம்பு வைத்து, ஊர் முழுக்கக் கதவைத் திறந்து வைத்த எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை.

இப்போதைய பொங்கலுக்கு வருகிறேன். ஆயாவும் அப்பாவும் இல்லை. அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று அம்மாவோடு இந்த வீட்டில் இருப்பது நான். தம்பி குடும்பம் சென்னையில், தங்கை சிங்கப்பூரில், தம்பி மகன் அமெரிக்காவில் நியூஜெர்சியில். சித்தப்பாவின் மகன் ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. 2026-ல் தை முதல் நாள் ஜனவரி 15, வியாழக்கிழமை வந்தது. அதற்கு வெகு முன்பே வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு விழித்துக்கொண்டது. பேச்சு ஒன்றே ஒன்றுதான்: எத்தனை மணிக்குச் சாப்பாடு?

தம்பிக்கு அன்று மாலையே புதுச்சேரியில் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். பன்னிரண்டுக்கு முடித்துவிட்டால் நல்லது என்றான். தங்கைக்குச் சிங்கப்பூரில் பொங்கலுக்கு விடுமுறை கிடையாது. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே பன்னிரண்டரை என்றால் அங்கே மூன்று மணி, அலுவலகத்தில் இருப்பாள். மூன்றரைக்கு வைத்தால் வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடியோவில் எல்லோரையும் பார்க்கலாமே என்றாள். நியூஜெர்சியில் அந்த நேரம் விடியற்காலை ஐந்து மணி. அவன் விழித்திருக்கிறேன் என்றான், பாவம். சித்தப்பா மகன் இரவு ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து வரப் பதினொன்று ஆகிவிடும். வந்ததும் கொஞ்சம் படுக்க வேண்டும், எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று எழுதினான். அத்தை ஒரு வரிதான் அனுப்பினாள்: வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகுகாலம், அதற்குள் படைத்தாக வேண்டும்.

இத்தனை பேரும் எழுதினார்கள். சித்தப்பா மட்டும் எழுதவில்லை. அவருக்கு இப்போது சர்க்கரை நோய். மாத்திரை போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கி வியர்த்துவிடும். ஒரு மணிக்குமேல் போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கும் அதே மாத்திரை. எந்த மனிதருக்காக வீடே காத்திருந்ததோ அந்த மனிதரால் இன்று காத்திருக்க முடியாது. இது தெரிந்ததும் எனக்கு மற்ற நேரங்களெல்லாம் பின்னால் போய்விட்டன. வீடியோவை அரை மணி தள்ளலாம், காரை ஒரு மணி தள்ளலாம். சர்க்கரையைத் தள்ள முடியாது.

அத்தையோடுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவளுடைய நம்பிக்கையைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. அதற்கு உரிய மரியாதையோடு பேசினேன். தாளில் உள்ள ராகுகாலம், சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைவதாக வைத்துக்கொண்டு பகலை எட்டாகப் பிரித்தது. தை முதல் நாள் நம் பக்கம் உதயம் சுமார் 6.35, மறைவு ஆறு மணியைத் தாண்டி நாலைந்து நிமிடம். அந்தப் பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 86 நிமிடம்தான் வரும். வியாழக்கிழமைக்கு உரிய ஆறாம் பங்கு ஒன்றே முக்காலை ஒட்டித் தொடங்குகிறது. நாம் கையில் கட்டியிருக்கும் மணியே 1906 ஜனவரி 1 முதல் வந்த இந்திய நேரம். அதற்கு முன்பு இருந்த மதராஸ் நேரம் அதைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பின்தங்கியது. பெருமுக்கலில் அன்று சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, 12.20-க்கு. அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப உச்சி வேளைக்குப் படைச்சிடலாம். எங்க அம்மா அதத்தான் சொல்லுவாங்க” என்றாள். காலையில் ஏழரைவரை எமகண்டம்; எங்கள் வாசலுக்கு வெயில் வருவதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். ஆயா உயிரோடு இருந்தால் எந்தத் தாளும் பார்க்காமல் அதே நேரத்துக்குப் பானையை ஏற்றச் சொல்லியிருப்பாள்.

படையல் 12.20. இலை 12.45. இதைக் குழுவில் எழுதிவிட்டு, கூடவே இன்னொன்றும் எழுதினேன். அதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. பந்தி ஒன்றுதான். சமைத்தவர்கள் உட்காரும் வரை யார் இலையிலும் சோறு விழாது. இது முடியாது என்றால் நேரத்தை மாற்றுவோம், பந்தியை மாற்ற வேண்டாம்.

யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றாக உட்காருவது விருப்பத்தால் மட்டும் நடக்காது. வேலையைப் பின்னாலிருந்து முன்னால் எண்ணி வர வேண்டும். 12.45-க்கு எல்லோரும் உட்கார வேண்டுமென்றால் சோறு 12.10-க்கு வடிந்திருக்க வேண்டும். குழம்பு பதினொன்றரைக்கு இறங்க வேண்டும். அதற்குக் காய் முந்தின நாளே நறுக்கியிருக்க வேண்டும். போகியன்று மாலை தம்பியும் சித்தப்பா மகளும் கூடத்தில் செய்தித்தாள் விரித்து மொச்சை உரித்தார்கள். தம்பி கருணையை நறுக்கிக் கை அரிப்பெடுத்து, புளித்தண்ணீரில் கழுவிக்கொண்டான். உளுந்தை அம்மா ஊறப்போட்டாள். வடைதான் கடைசிச் சிக்கல். வடை போடுகிறவர் அடுப்பை விட்டு வர முடியாது. முன்னாலேயே போட்டுவைத்தால் ஆறிவிடும். அந்தக் காலத்தில் அம்மாவைக் கட்டிப் போட்டது பெரும்பாலும் இந்த வடைச்சட்டிதான். படையலுக்கு மட்டும் முன்னதாகப் போட்டு, மீதியைப் படையல் முடிந்து காக்கைக்கு வைக்கும் இடைவெளியில் தம்பியே போட்டு முடிப்பதென்று ஏற்பாடு. மாவைத் தட்டி ஓட்டை போடத் தெரியாமல் போண்டாவாகப் போட்டான். சூடாக இருந்தது.

பாய் விரித்து நடுவில் குண்டான்களை வைத்தோம். வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் இலையில் போட்டோம். சித்தப்பாவால் தரையில் உட்கார முடியாது, அவருக்கு நாற்காலியும் முக்காலியும்; அம்மாவுக்கும் அப்படியே, அவர் பக்கத்தில். சித்தப்பா மகன் தூக்கம் கலைந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தான். தங்கை அலுவலகத்தில் கிடைத்த பத்து நிமிடத்தில் போனில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், அவளுக்கு மனக்குறைதான். அவள் நேரத்துக்கு வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோருக்கும் ஒத்துவரும் நேரம் என்று ஒன்று இல்லை. யாருடைய குறையைத் தாங்கலாம், யாருடையதைத் தாங்கக்கூடாது என்று பார்த்துத்தான் வைக்க முடிகிறது. அவளிடம் அதைச் சொன்னேன். மறுநாள் மாட்டுப் பொங்கல் சாயங்காலம் அவளுக்காக ஒதுக்கினோம்.

அம்மா முதல் கவளத்தை வாயில் வைத்ததும், “கொழம்புல உப்பு கம்மி” என்றாள். நான் சமைத்த குழம்பு. படைப்பதற்கு முன் உப்புப் பார்க்கும் பழக்கம் எனக்கும் இல்லை. சித்தப்பா உடனே, “நம்மூரு உப்ப எடுத்தாங்கடி” என்றார். அவர் மகள் ஓடிப்போய்க் கல்லுப்பை நுணுக்கிக் கொண்டுவந்து கரைத்து ஊற்றினாள். அத்தனை வருடமும் அம்மா வைத்த குழம்பில் உப்புக் குறைந்தால் முதல் பந்திக்காரர்கள்தான் சொல்வார்கள். அவள் உள்ளே நின்று கேட்டுக்கொள்வாள். தான் வைத்த குழம்பின் ருசியைச் சூடாக இருக்கும்போது அவள் அறிந்ததே இல்லை. அன்று மொச்சையை ஒவ்வொன்றாக எடுத்து ருசித்து, இரண்டாம் முறை குழம்பு கேட்டாள். சித்தி இதைப் பார்க்க இல்லையே என்பதுதான் எனக்கு ஆறாத துக்கம்.

அடுத்த தை தம்பி மனைவியின் சமையல். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். எனவே இலை போடும் நேரத்தையும் அவள்தான் குறிப்பாள்; பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு, ஒன்று என்றால் ஒன்று. மாத்திரை நேரம் இரண்டையும் அவளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போகியன்று எத்தனை மணிக்குக் காய் நறுக்க வர வேண்டும் என்று மட்டும் கேட்டேன். நாலு மணிக்கு வாங்க அண்ணி, கருணை உங்களுக்கு என்றாள்.